ஆறாவது பூட்டு

உங்கள் சங்க மலருக்குப் பவர் யூனிட் பராமரிப்பு பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் அங்கிள் என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெயைச் சுத்தமாக வைத்திருங்கள். ஃபில்டரைக் காலத்துக்கு மாற்றுங்கள். வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றிக் கடவுளை நம்பாதீர்கள். அவ்வளவுதான். மீதி எல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டைத் திறக்காமல் போனில் இரண்டு நிமிட வீடியோ பார்த்துவிட்டு ஸ்பானரைத் தூக்குகிறவர்களுக்கு நான் எழுதினாலும் ஏறப் போவதில்லை.

ஆகையால் கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். இதை என் மனைவிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம்.

வேலைக்குப் புதியவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. ஹைட்ரோலிக் பவர் யூனிட் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு தொட்டி எண்ணெய், அந்த எண்ணெயை அழுத்தித் தள்ள ஒரு பம்ப், பம்பைச் சுற்ற ஒரு மோட்டார். அழுத்தப்பட்ட எண்ணெய் குழாய் வழியாகப் போய் இரும்பு மதகுகளைத் தூக்கும், இறக்கும். மதகுக்குப் பக்கத்தில் யாராவது வேலை செய்ய வேண்டுமென்றால் மோட்டாரின் சுவிட்சை நிறுத்தி, அதில் ஆறு துளை உள்ள ஒரு கொக்கியை மாட்டுவோம். இறங்குகிற ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை அந்தத் துளையில் போட வேண்டும். பூட்டில் பெயர் அட்டை தொங்கும், முத்திரை அளவில் ஒரு படமும் இருக்கும். திறப்பு, அதாவது சாவி, அவரவர் பையில். கடைசிப் பூட்டு கழரும் வரை மோட்டார் ஓடாது. ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடக் கூடாது.

இவ்வளவு செய்தும் யூனிட் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வருடம், சுவிட்சை நிறுத்தி, பூட்டும் போட்டு, நிம்மதியாக ஒரு நட்டைத் தளர்த்தினேன். குழாயில் மிஞ்சியிருந்த அழுத்தத்தில் எண்ணெய் சீறி என் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற மோல்டாக்காரர் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். அவர் பெயர் வேண்டாம், உயிரோடு இருந்தால் கோபிப்பார். "சுவிட்ச் சொல்வதை நம்பாதே, காகிதம் சொல்வதை நம்பாதே, முள் சொல்வதை மட்டும் நம்பு" என்றார். அழுத்தம் காட்டும் கேஜில் இருக்கும் முள்ளைத்தான் சொன்னார். அவர் சொன்னதை நான் ஒரு பகிடியாகத்தான் வைத்திருந்தேன், அந்த மழை நாள் வரும் வரை.

சிட்னியின் மேற்கில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். எது என்று கேட்காதீர்கள். அங்கே பராமரிப்புப் பகுதிக்கு நான் பொறுப்பு. நிலத்துக்கு அடியில் எங்களுக்கு ஒரு மழைத் தொட்டி இருந்தது. கூரை போட்ட பெரிய கொங்கிரீட் தொட்டி. வெயில் காலத்தில் வெறுமையாகக் கிடக்கும். பெருமழை பெய்து, நிலையம் தாங்காத அளவுக்குத் தண்ணீர் வந்தால் அதைத் திறந்து நிரப்புவோம். இல்லாவிட்டால் கழிவுநீர் நேரே பக்கத்து ஓடைக்குள் போய்விடும். தொட்டிக்கு இரண்டு மதகு. தண்ணீர் உள்ளே வரும் வழியில் பெரியது ஒன்று. வெளியே போகும் வாய்க்காலில் சின்னது ஒன்று. இரண்டையும் இயக்குவது ஒரே யூனிட்.

அன்று தொட்டியைக் கழுவும் வேலை. ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்று நாலு பேரை அனுப்பியிருந்தது. பெரிய மதகு மூடியிருந்தது. சின்ன மதகை மார்பளவுக்குத் தூக்கி நிறுத்தியிருந்தோம், அதற்குக் கீழே குனிந்து வாய்க்காலுக்குள் போய் வருவதற்காக. அப்படித் தொங்க விட்ட மதகுக்கு ஒரு தாங்கு கம்பி செருக வேண்டும். செருகப் பார்த்தேன். கம்பி துருப்பிடித்துத் துளைக்குள் போகவில்லை. தேநீருக்குப் பிறகு அரம் கொண்டு வந்து ராவிப் போடலாம் என்று விட்டேன். தேநீர் குடித்தேன். கம்பியை மறந்தேன். மதகு வெறும் எண்ணெயின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொக்கியில் ஆறு பூட்டு. என்னுடையது, மின்வேலைக்காரருடையது, இறங்கிய நால்வருடையது.

நால்வரில் ஒருவன் தமிழன். நாற்பத்தைந்து வயது இருக்கும். அட்டையில் தயாபரன் என்று இருந்தது. மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னதை அவனுக்குத் தமிழில் சொல்வோம் என்று கூப்பிட்டேன். "தயாபரன்" என்றேன். திரும்பவில்லை. இரண்டாம் தரம் கொஞ்சம் உரத்துக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான். கழுவுகிற இயந்திரச் சத்தத்தில் காது மங்கியிருக்கும் என்று நினைத்தேன். இயந்திரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

"உந்தப் பூட்டுத்தான் உன்ரை உயிர்" என்றேன். "அது கொக்கியிலை கிடக்குமட்டும் பிரதமர் வந்து நிண்டாலும் இதை இயக்கேலாது. விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை. விளங்குது." கரகரத்த குரல், உப்புக் காற்றில் கத்திப் பழகியவர்களின் குரல். "அப்ப உள்ளுக்கை இருக்கிறதுதான் எனக்குப் பாதுகாப்பு எண்டுறியள்" என்றான். நல்ல பகிடி என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. ஒன்றரை மணிக்கே வெளி விளக்குகள் தாமாக எரியத் தொடங்கின. காற்று நின்றுவிட்டது. வேலையை முடித்துக்கொண்டு ஆட்கள் ஏறினார்கள். தொட்டியின் வாயில் ஒருவர் உட்கார்ந்து யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்று எழுதுவார். அவருடைய காகிதத்தில், சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரும் ஏறியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர் இறங்கி, மூன்று பேர் ஏறியிருந்தார்கள். கணக்குச் சரி. வாய் மூடியை இழுத்து மூடினார்கள். பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நானும் என்னுடையதைக் கழற்றிப் பையில் போட்டேன்.

கொக்கியில் ஒன்று மிஞ்சியது. தயாபரன்.

அதற்குள் மழை இறங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் அன்று சுமதி. கோயம்புத்தூர்ப் பெண், எதற்கும் குரலை உயர்த்தாதவள். வாக்கி டாக்கியில் வந்தாள். "அண்ணா, வரத்து ஏறிட்டே இருக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள மழைத் தொட்டி எனக்கு வேணும்."

நிலைய மேலாளர் கிளென் வந்தார். நல்ல மனிதர்தான், நிதானமானவர். எதையும் அவசரப்படுத்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தொட்டியின் வாயைத் திறக்கச் சொல்லி அவரே குனிந்து மூன்று தரம் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரன் வாயில் அது தாயாபாரான் ஆனது. கீழே இருளில் அது சுவர் சுவராக மோதி, கடைசி எழுத்து மட்டும் எங்களிடம் திரும்பி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கழுவிய தரை, ஈரம், வேறு ஒன்றும் இல்லை. பிறகு அட்டையில் இருந்த எண்ணுக்கு ஒலிபெருக்கியில் அழைத்தார்.

எடுத்தது தயாபரன். ஆங்கிலத்தில் பேசினான். "யெஸ் சார். நான் வீட்டில். டூங்கபியில். பூட்டை மறந்துவிட்டேன், சாரி சார்."

எல்லோரும் மூச்சு விட்டோம். தொட்டி வாயில் இருந்தவரின் காகிதம் ஆள் வெளியே என்கிறது. ஆளே வீட்டில் இருக்கிறேன் என்கிறான். இப்படி மறந்து போன பூட்டை வெட்டுவதற்கு ஒரு படிவம் உண்டு. மேலாளர் கையெழுத்து, பராமரிப்புப் பொறுப்பாளர் கையெழுத்து. கிளென் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

நானும் போட்டேன். இதை அடிக்கோடு போட்டு வாசியுங்கள். யோசித்துத்தான் போட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் போட்டேன்.

பூட்டு வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு யூனிட் அறைக்கு இறங்கினேன். நாற்பது இரும்புப் படி. மேலே மழை இரைகிறது, கீழே இறங்க இறங்க அந்த இரைச்சல் மங்கி, என் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. அறையின் ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் வாய்க்கால். தரையில் ஒரு கம்பிக் கிராதி, அதன் கீழும் வாய்க்கால்தான். நூறு தரம் தனியாக நின்ற அறை அது. அன்று உள்ளே போனதும் யாரோ ஏற்கெனவே இருக்கிற அறைக்குள் போன மாதிரி இருந்தது. எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. ஆனால் கதவைத் திறந்ததும் "எக்ஸ்கியூஸ் மீ" என்று என் வாயில் வந்துவிட்டது.

கொக்கியில் பூட்டு தொங்கியது. கத்தரியின் வாயை அதில் வைத்தேன். பழக்கத்தில் கேஜைப் பார்த்தேன்.

யூனிட்டில் இரண்டு கேஜ். ஒன்று பம்பின் அழுத்தம். அது பூச்சியத்தில், இருக்க வேண்டிய இடத்தில். மற்றது தொங்குகிற சின்ன மதகைத் தாங்கும் எண்ணெயின் அழுத்தம். மதகின் கனம் மாறாது, ஆகவே அந்த முள்ளும் ஓரிடத்தில் நிற்க வேண்டும். காலையிலிருந்து நின்றது.

நான் பார்த்துக்கொண்டிருக்க அது ஒரு கோடு ஏறியது.

கொஞ்சம் நடுங்கியது. அங்கேயே நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. நான் அசையவில்லை. மறுபடி ஏறியது.

மோட்டார் நின்றுபோய் ஆறேழு மணி நேரம். யூனிட் குளிர்ந்து கிடந்தது, கை வைத்துப் பார்த்தேன். ஓடாத யூனிட்டின் முள் மூச்சு விடுகிறது. கத்தரியைப் பூட்டில் இருந்து எடுத்துவிட்டேன்.

வாக்கி டாக்கியில் கிளெனிடம் சொன்னேன். எண்ணெயில் காற்று இருக்கலாம், குளிரில் சுருங்கியிருக்கலாம் என்றார். இரண்டும் நடக்கக் கூடியவை. நானே பல தரம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவை. ஆனால் காற்று ஏறினால் முள் துள்ளும். குளிர்ந்தால் மெல்ல மெல்ல இறங்கும். இது இரண்டும் இல்லை. யாரோ மதகில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். அந்தச் சின்ன மதகில் ஒரு ஆள் கனம் ஏறினாலே முள் காட்டும். தாங்கு கம்பி போட்டிருந்தால் காட்டியிருக்காது. கனம் முழுதும் கம்பியில் இறங்கியிருக்கும்.

அறைச் சுவரில் ஒரு தொலைபேசி உண்டு. அட்டையில் இருந்த எண்ணுக்கு நானே அடித்தேன்.

"ஹலோ?" மெல்லிய, இளவட்டக் குரல். ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசியபோது எனக்குப் பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டது. காலையில் என்னோடு பகிடி விட்ட குரல் இது இல்லை.

"தயாபரனோ?"

"ஓம், ஆர் கதைக்கிறது?"

"காலமை உன்னோடை கதைச்ச ஆள்தான். பூட்டைப் பற்றிச் சொன்னனே. நான் என்ன சொன்னனான், சொல்லு பாப்பம்."

அவனுக்குப் பின்னால் எங்கோ டிவி சத்தம் கேட்டது. நான் பூட்டில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பொடியன். காலையில் என் முன்னால் நின்றவனுக்கு மீசை நரைத்திருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒன்று என்று சாப்பாட்டு மேசையில் நக்கல் அடிக்கிறவன் நான். அன்று காலையில் நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, இந்தப் பூட்டின்ரை திறப்பு எங்கை?"

"அண்ணை..."

"எங்கை எண்டு கேட்டனான்."

"ரமணன் அண்ணையிட்டை." சொல்லிவிட்டு அழத் தொடங்கினான்.

அழுகைக்கு நடுவே கேட்டு வாங்கியது இவ்வளவு. தயாபரனுக்கு முதுகு பிடித்துவிட்டது. வேலைக்கு ஆள் போகாவிட்டால் அடுத்த கிழமை கூப்பிட மாட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கிற ரமணன், மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி, வில்லாவுட் குடிவரவுத் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்து எட்டு மாதம். விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. தயாபரனின் அட்டையையும் பூட்டையும் கொண்டு வந்திருக்கிறான். நம் சனம் சட்டை மாற்றிப் போடுவது போல இதைச் செய்கிறது, உங்களுக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைத் தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் கோப்பும் கையுமாக வாசலில் வந்து நின்றார்கள். கட்டடக் காப்புறுதிக்காரர்கள். ரமணன் இமிக்ரேசன் என்று நினைத்துவிட்டான். காற்றோட்டத்துக்குத் திறந்திருந்த பின்பக்கத் துளையால் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டான்.

"ஒளிச்சு நிக்கிறன் எண்டு மெசேஜ் போட்டவர். அதுக்குப் பிறகு போன் வேலை செய்யேல்லை. வெள்ளைக்காரர் கேக்கேக்கை உண்மையைச் சொன்னால் நானே பிடிச்சுக் குடுத்த மாதிரிப் போயிடும். அவர் அங்கை பாதுகாப்பாத்தான் இருப்பார் எண்டு நினைச்சன் அண்ணை."

அவன் பொய் சொன்னது காப்பாற்றுவதற்காக. அந்தப் பொய்யின் மேல்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வாக்கி டாக்கியை எடுத்தேன். "உள்ளே ஆள் இருக்கிறான். யூனிட் ஓடாது."

கிளென் கேட்டார், கண்ணால் பார்த்தாயா. இல்லை என்றேன். முள் காட்டுகிறது என்றேன். ஓடைக்குள் கழிவுநீர் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விசாரணை, பத்திரிகை, எல்லாம். அந்த நேரத்தில் சுமதி தமிழில் கேட்டாள், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அண்ணா, நிச்சயமா?"

"ஓம்."

"இருபது நிமிஷத்துல ஓடைக்குப் போயிடும்."

"தெரியும்."

"போகட்டும்" என்றாள். "நான் முடிவெடுத்தேன்னு எழுதிக்கிறேன். நீங்க ஆளைப் பாருங்க." பிறகு அதையே ஆங்கிலத்தில் கிளெனிடம் சொன்னாள். அவர் சரி என்றார். என்னைவிட வயதில் பாதி அவள். அந்த நாளில் சரியாக முடிவெடுத்த ஆள் அவள் ஒருத்திதான்.

கிராதியின் மேல் குப்புறப் படுத்தேன். கீழே இருட்டு. தொட்டியின் பெரிய மதகுக்கு வெளியே சேரும் தண்ணீர் இரும்பை அழுத்துகிற சத்தம் சுவர் வழியாக வந்தது. ஒரு நீண்ட முனகல், பிறகு அமைதி, பிறகு முனகல். தயாபரன் என்று கூப்பிட்டு என்ன பயன். அந்தப் பெயரைக் கேட்டால் அவன் இன்னும் உள்ளேதான் போவான். அந்தப் பெயரைத் தேடித்தான் வெள்ளைத் தொப்பிக்காரர் வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"ரமணன்" என்றேன். "ரமணன். காலமை கதைச்ச அண்ணைதான். இமிக்ரேசன் ஒருத்தரும் இல்லை. மழை வந்திட்டுது, வெளியிலை வா."

வாக்கி டாக்கியில் சுமதி நீர்மட்டத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், வேறு எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பக் கூப்பிட்டேன். தலையைத் திருப்பிக் கேஜைப் பார்த்தேன். முள் மேலே இருந்தது. அது இறங்கியது.

கீழே ஈரத்தில் காலடிச் சத்தம். கிராதிக்கு நேர் கீழே வந்து நின்றது. டார்ச்சை அடித்தேன். முகம் தெரிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, பல் கிட்டிக்கொண்டிருந்தது. தரை ஈரமாக இருந்ததால் மதகின் இரும்புச் சட்டத்தில் ஏறிக் குந்தியிருக்கிறான். குளிர் தாங்காமல் இறங்கி நடந்திருக்கிறான். திரும்ப ஏறியிருக்கிறான். யூனிட் ஓடியிருந்தால் முதலில் இறங்குவது அந்த மதகுதான். அவனோடு சேர்ந்து.

"என்ரை பேர் ஆர் சொன்னது?" என்று கேட்டான்.

பின்பக்கத் துளையால் தூக்கி எடுத்தோம். கிளென் தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டார். நான் அவனைக் கொக்கிக்குப் பக்கத்தில் கூட்டி வந்தேன். சாதாரணமாகச் செய்ய வேண்டியதில்லை, ஆனாலும் கூட்டி வந்தேன். அவன் சப்பாத்துக்குள் இருந்து திறப்பை எடுத்தான். தானே திறந்தான். பூட்டு கழன்றது. பிறகுதான் நான் மோட்டாரை ஓட்டினேன். சின்ன மதகு இறங்கியது, பெரியது ஏறியது. அவன் குந்தியிருந்த இடத்துக்கு மேலே தண்ணீர் வர நாலு நிமிடம் எடுத்தது. அவன் கிராதியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓடைக்குள் கொஞ்சம் போய்விட்டது. அதற்கான கடிதங்கள் வந்தன, பதில்கள் போயின.

அறிக்கையில் உள்ளே இருந்தவர் பெயர் என்ற இடத்தில் நான் பேனாவோடு நின்றுவிட்டேன். எழுதினால் அவன் திரும்ப வில்லாவுட் போகலாம். எழுதாவிட்டால் நடந்தது பொய். நானே முடிவெடுக்காமல் அவனிடம் கேட்டேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"எழுதுங்கோ அண்ணை" என்றான். "தண்ணி வந்திருந்தால் உள்ளுக்கை செத்தது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. தயாபரன் வீட்டிலை இருக்கிறான். நான் உங்கடை கணக்கிலையே இல்லை."

அவன் சொன்னது சரி. கணக்குகள் எல்லாம் பொருந்தியிருக்கும். அன்று இரவு மட்டும் அல்ல, பல வருடம் என்னை விழிக்க வைத்தது அந்த எண்ணம்தான். எழுதினேன். அதன் பிறகு ஒரு வக்கீலம்மா அவனுக்காக ஓடித் திரிந்தார். எங்கள் படிவத்தில் நான் போட்ட கையெழுத்தையும் மறைக்கவில்லை. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். தாங்கு கம்பிக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று. இரண்டும் எனக்கு உரியவை. என் பிழையால்தான் முள் அசைந்தது, அதனால்தான் அவன் பிழைத்தான் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும். மறந்து போன கம்பி அடுத்த தரம் யாரையும் காப்பாற்றாது, நசுக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு மெல்பேணில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கேரம் டவுன்ஸ் கோயிலில் தேர். கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் கையைக் காட்டி வண்டிகளை ஒழுங்கு படுத்திக்கொண்டிருந்தார். என் காரை நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. மீசை முழுதும் வெளுத்திருந்தது. குரல் மாறவில்லை.

"அண்ணை, சுகமோ?"

விசா கிடைத்துவிட்டது, குடும்பம் வந்துவிட்டது, சொந்தப் பெயரில் ஒரு பேக்கரியில் வேலை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டான், கனநாளாக வைத்திருந்த கேள்வி போல.

"அண்டைக்குப் பூட்டுக்குப் பக்கத்திலை ஒரு பெரிய கத்தரி கிடந்தது. அது என்னத்துக்கு அண்ணை?"

பின்னால் கார்கள் நின்றன. ஒருவர் ஹோர்ன் அடித்தார். வேறு வேலைக்கு என்று சொல்லியிருக்கலாம். "உன்ரை பூட்டை வெட்ட" என்றேன்.

ஹோர்ன் அடித்தவருக்குக் கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னான். கோபிப்பான் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்கள் படியிலை இறங்கி வந்த சப்பாத்துச் சத்தம் எனக்குக் கேட்டது அண்ணை" என்றான். "அவ்வளவு நேரமும் பயந்து கொண்டிருந்தனான். அந்தச் சத்தம் கேட்ட உடனை பயம் போயிட்டுது. அண்ணை என்ரை பூட்டைப் பாக்க வாறார் எண்டு நினைச்சன்."

பிறகு கையைக் காட்டி, இடது பக்கம் ஓர் இடம் இருக்கிறது, போய் நிறுத்துங்கோ என்றான். நான் போய் நிறுத்தினேன். இறங்கிக் கோயிலுக்குள் போக எனக்கு வெகுநேரம் எடுத்தது.